தலைவனும் எதிர்த்தலைவனும்

கதையின் நடுவில் நிற்போர் யாவரும் ஒரே வகையினர் அல்லர். தனக்கு நிகரில்லாத தலைவனைக் கொண்டதே பெருங்காப்பியம் எனத் தண்டியலங்காரம் இலக்கணம் வகுக்கின்றது. அத்தகைய தலைவனின் வீரமும் ஒழுக்கமும் கேட்போர் பின்பற்றத்தக்கவை. எதிர்த்தலைவனோ கதையின் நடுவிடத்தைப் பெற்றும் அத்தகுதியைப் பெறாதவன். தலைவனை எதிர்க்கும் பகைவனோடு அவனை ஒன்றாக எண்ணலாகாது. பகைவனிடமிருந்து நாம் விலகி நிற்கிறோம். எதிர்த்தலைவனோடு, அவன் குற்றம் அறிந்தும், உடன் நடக்கிறோம்.

இவ்வேறுபாடு கதை சொல்பவரின் சார்பினால் மட்டும் எழுவதா? நத்தம் கணவாயில் நிகழ்ந்த ஒன்று இவ்வினாவுக்கு விடை காண உதவுகின்றது.

1755ஆம் ஆண்டில் கர்னல் ஹெரான் என்பவர், ஆர்க்காட்டு நவாபுக்குரிய வரியைத் தண்டும்பொருட்டுக் கம்பெனிப் படையுடன் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளுக்குச் சென்றார். மதுரைக்கு அருகே கோவில்குடிக் கோயிலுள் படை புகுந்து, கள்ளர் மக்கள் வழிபட்டுவந்த திருமேனிகளைக் கவர்ந்தது. அவற்றைத் திருப்பித் தர 5,000 ரூபாய் கேட்கப்பட்டது, தொகை கிடைக்கவில்லை. மே மாத இறுதியில் அப்படை நத்தம் காட்டின் ஒடுங்கிய வழியே திரும்புகையில் கள்ளர்கள் மறைந்திருந்து தாக்கித் தங்கள் தெய்வங்களை மீட்டனர். ஹெரான் பின்னர் இராணுவ நீதிமன்றத்தால் விசாரிக்கப்பட்டுப் பதவி நீக்கப்பட்டார்.

ராபர்ட் ஓர்ம் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியர் இதனைக் கம்பெனிப் படையின் பக்கம் நின்று எழுதினார். அங்கே கள்ளர்கள் வழிமறிக்கும் பகைவர்கள். தெய்வத்தை இழந்தவர்களின் பக்கம் நின்று சொன்னால் அவர்களே வீரர்கள். சொல்பவர் இடம் மாறத் தலைவனும் பகைவனும் இடம் மாறுகின்றனர். ஆயினும் இதில் எதிர்த்தலைவன் இன்னும் தோன்றவில்லை. எப்பக்கம் நின்றாலும் நன்மை ஒருபுறமும் தீமை மறுபுறமுமாகவே நிற்கின்றன.

ஹெரானின் அப்படையெடுப்பில் உடன்சென்றவர்களுள் ஒருவர் யூசுப்கான். கான்சாகிப் என மக்கள் அழைத்த இவர் பின்னர் மதுரையை ஆளும் பொறுப்பை அடைந்தார். கம்பெனிக்காகப் பாளையக்காரர்களை ஒடுக்கினார். பூலித்தேவரின் கோட்டைகள் 1761இல் இவரிடம் வீழ்ந்தன. இவரே 1763இல் நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து நின்றார். மதுரைக் கோட்டை நெடுநாள் முற்றுகையைத் தாங்கியது. இறுதியில் தம்மவராலேயே காட்டிக் கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். இவரைப் பற்றி மக்களிடையே எழுந்த ‘கான்சாகிபு சண்டை’ என்னும் கதைப்பாடலைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்துள்ளார்.

இவருடைய இறுதி ஈராண்டுகளை மட்டும் சொல்வோர் இவரைக் குறையற்ற வீரராக்குவர். முன்னைய ஆண்டுகளை மட்டும் சொல்வோர் அந்நியரின் கைக்கருவி என்பர். இங்கே சொல்பவர் இடம் மாறுவதால் சிக்கல் தீர்வதில்லை. ஏனெனில் இரண்டும் ஒரே மனிதரின் செயல்கள். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழிக்காமல் இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போதே அவர் எதிர்த்தலைவராகிறார்.

ஆகவே குணங்களை எண்ணிப் பார்த்து இவ்விருவரையும் பிரித்தறிய இயலாது. கேட்போரிடம் கதை எதை வேண்டுகிறது என்பதிலேயே வேறுபாடு அமைந்துள்ளது. தலைவனின் கதை, ‘இவனைப் போல் நட’ என்கிறது. எதிர்த்தலைவனின் கதை, ‘இவனிடத்தில் நீ இருந்தால் என் செய்வாய்?’ என வினவுகிறது. கூலிக்கு ஏற்ற ஊழியத்தை எந்த எல்லைவரை செய்வது, எப்போது மறுப்பது என்ற கேள்வி யூசுப்கானோடு முடிந்துவிடவில்லை. தாவீதின் வரலாற்றை எழுதியவர் கோலியாத்தை வென்றதைச் சொன்னதோடு நில்லாமல், உரியாவின் சாவையும் மறைக்காது எழுதினார்.

பிள்ளைகளுக்கும் சபையாருக்கும் கதை சொல்லும் நாம், மாசு நீக்கிய தலைவர்களையே தேடுகிறோம். அவர்களும் வேண்டியவர்களே. ஆனால் அவர்களை மட்டுமே கேட்டு வளர்பவர், தம் வாழ்வில் தவறு நேரும் நாளில் தமக்கென ஒரு கதையும் இல்லை என்று எண்ணக்கூடும். அவருக்காகவேனும் யூசுப்கானின் கதையை முழுமையாகச் சொல்வோமாக.