சொல்லாமல் விட்ட உள்ளீடு

வெள்ளவத்தைக் காலி வீதியில் தேநீர்க் கடையொன்றிற் புகுந்து, "ஒரு தேநீர்" என்று மட்டும் கேட்பவருக்குச் சீனி இட்ட தேநீரே வரும். சீனி வேண்டாதவர்தான் அதனை எடுத்துக் கூறல் வேண்டும். சொல்லாது விட்டதைக் கடையின் வழக்கம் நிரப்பிவிடுகின்றது. கணிதத்துக்கென அமைந்த கணனி மொழிகளிலும் இத்தகைய வழக்கம் உண்டு.

அமெரிக்கக் கணித அறிஞர் கிளீவ் மோலர் 1970களின் பிற்பகுதியில் தம் மாணவர்க்கென ஆக்கிய மாட்லாப், 1984இல் விற்பனைக்கு வந்தது. ஜோன் ஈட்டன் 1992இல் எழுதத் தொடங்கிய ஒக்டேவ், பெரும்பாலும் அதன் இலக்கணத்தையே தழுவியது, விலையின்றிக் கிடைப்பது. இவற்றிற் 'சார்பு' என்பது, உள்ளீடுகளை ஏற்று விடைகளை வெளியீடாகத் தரும் கணக்குமுறை. உள்ளீடுகளுட் சில கட்டாயமானவை. சில விரும்பினாற் கொடுக்கத்தக்கவை. எத்தனை உள்ளீடுகள் வந்தன, எத்தனை விடைகள் கேட்கப்பட்டன என்பவற்றைச் சார்பு எண்ணி அறியவும் வழியுண்டு.

கொட்டாஞ்சேனை மாணவி ஒருத்தி பத்தாண்டு மழையளவை அட்டவணைப்படுத்துகின்றாள் எனக் கொள்வோம். கிடையான ஒவ்வொரு நிரையும் ஓர் ஆண்டு. நெடுக்கான ஒவ்வொரு நிரலும் ஒரு மாதம். ஓராண்டின் நிரையை மட்டும் எடுத்துப் பேரளவைக் காணும் சார்பிடம் ஒரு விடை கேட்டால், மிகுந்த மழையின் அளவு வரும். இரண்டு கேட்டால், அது எத்தனையாவது மாதம் என்பதும் உடன் வரும். கேளாததைக் கணித்துக் காலத்தை வீணாக்காதிருக்க இம்முறை உதவும்.

ஆயின் இதிலே இடரும் உண்டு. பத்தாண்டு அட்டவணையைக் கொடுத்துச் சராசரி கேட்டால், மாதத்துக்கொன்றாகப் பன்னிரண்டு எண்கள் கிடைக்கும். அட்டவணையில் ஓர் ஆண்டே இருப்பின், அதே கட்டளை ஒரே எண்ணைத் தரும். எத்திசையிற் சராசரி காண்பது எனக் குறிக்காதபோது, ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் உள்ள முதலாவது திசையைச் சார்பு தானே தெரிந்துகொள்வதே காரணம். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. பிழையான முடிவு மட்டும் அறிக்கையில் ஏறிவிடும். திசையைக் குறிக்க 1 என்னும் இரண்டாம் உள்ளீட்டைச் சேர்த்தால், எப்பொழுதும் பன்னிரண்டு விடைகளே வரும்.

நியம விலகலும் இவ்வாறே. வேறு குறிப்பு இல்லையேல், பத்து எண்களின் விலகல் வர்க்கங்களைக் கூட்டி, பத்தால் அன்றி ஒன்பதால் வகுத்தே வர்க்கமூலம் காணப்படும்.

ஆகவே, சார்பை எழுதுவோர் முதலில் வந்த உள்ளீடுகளை எண்ணுதல் வேண்டும். கட்டாயமானது வராவிடிற் கணிப்பை நிறுத்துதல் வேண்டும். விடுபட்டதற்கு எப்பெறுமானம் கொள்ளப்படும் என்பதை விளக்கக் குறிப்பிற் பதிதல் வேண்டும். பயன்படுத்துவோரும் அக்குறிப்பைப் படித்து, முடிவை மாற்றவல்ல உள்ளீட்டை வழக்கத்தின் பொறுப்பில் விடாது தாமே கொடுத்தல் நன்று.