கிளப் டூரில் ஃபார்மல் டின்னர்: வேட்டி கட்டி வந்தால் தடுக்க முடியுமா?

வீக்கெண்டுக்கு மாமல்லபுரம். கிளப் வாட்ஸ்அப் குரூப்பில் பிளான் வந்துவிட்டது. சனிக்கிழமை மாலை கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் (இரண்டுக்கும் ஒரே டிக்கெட்தான்), இரவு ரிசார்ட்டில் டின்னர். சிக்கல் கடைசி வரியில்: ‘டிரெஸ் கோட் - ஃபார்மல்ஸ் மட்டும்’. அப்போ வேட்டியில் வர்றவர் வாசலோடு திரும்பணுமா?

வேண்டாம். இதற்கென்றே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது.

2014 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி.அரிபரந்தாமன் ஒரு புத்தக வெளியீட்டு விழாவுக்காகத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்புக்குப் போனார். வேட்டி கட்டியிருந்ததால் உள்ளே விடவில்லை. நீதிபதிக்கே இந்த நிலையா என்று விவகாரம் சட்டமன்றம் வரை வெடித்தது. அடுத்த மாதமே அப்போதைய முதல்வர் ஜெயலலிதா மசோதா கொண்டுவந்தார், அது சட்டமானது.

கிளப், சங்கம், அறக்கட்டளை, நிறுவனம் என யாராக இருந்தாலும், தங்கள் கட்டுப்பாட்டில் உள்ள பொது இடத்துக்கு வேட்டியிலோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையிலோ வருபவரைத் தடுக்க விதி போடக் கூடாது. மீறினால் லைசென்ஸ் ரத்தாகலாம். ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஒரே நிபந்தனை, உடையை நாகரிகமாக அணிந்திருக்க வேண்டும். பீச்சில் போட்ட ஷார்ட்ஸோடு அப்படியே டின்னருக்கு வந்தால் இந்தச் சட்டம் கைகொடுக்காது. அதை கிளப் தாராளமாகத் தடுக்கலாம்.

குரூப் அட்மின்கள் அந்தக் கடைசி வரியில் ‘வேட்டி, சேலையும் ஓகே’ என்று இப்போதே சேர்த்துவிடலாம்.