மிகைப் பிரதி நீக்கம்

வங்கி, மருத்துவமனை முதலிய பெரு நிறுவனங்களின் கணனிச் சேமிப்பகங்களில் ஒரே தரவு இரண்டிடத்தில் எழுதப்பட்டிருத்தல் வழக்கம். ஒன்று பழுதுறின் மற்றொன்று உதவும் என்பதே அதன் கருத்து. ஆயின் அவ்விரண்டனுள் ஒன்றை வேண்டுமென்றே அழிக்கும் வேளையும் உண்டு. எதனை அழிப்பது, எப்பொழுது அழிப்பது என்னும் வினாக்கள் எளியனபோலத் தோன்றினும், பிழை நேரின் மீட்க இயலாத இழப்பைத் தருவன. ஆதலின் இப்பொருளைச் சிறிது ஆராய்வாம்.

ஐ. பி. எம். நிறுவனம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சான் வொலியூம் கொன்றோலர்' என்னும் சாதனத்தை எடுத்துக்கொள்வாம். அது வழங்கிக் கணனிகளுக்கும் வட்டுப் பேழைகளுக்கும் இடையே நிற்பது. பல பேழைகளிலுள்ள இடத்தை ஒன்றுகூட்டிச் சேமிப்புத் திரள்களாக்கி, ஒவ்வொரு திரளையும் சம அளவான துண்டங்களாக வகுக்கும். அத்துண்டங்களைக் கோத்து அமைப்பதே 'தொகுதி' எனப்படும். வழங்கி காண்பது தொகுதியை மட்டுமே. அதன் பின்னுள்ள வட்டு யாது என்பதை அஃது அறியாது. பின்வரும் வசதிகளுக்கெல்லாம் இவ்வறியாமையே அடிப்படை என்க.

2008இல் வந்த பதிப்பு, ஒரு தொகுதி இரண்டு பிரதிகளை உடையதாயிருக்க இடமளித்தது. அவை 0, 1 என்னும் எண்களாற் குறிக்கப்படும். எழுத்து இரண்டிலும் பதியும். வாசிப்பு பெரும்பாலும் முதன்மைப் பிரதியிலிருந்தே நிகழும். ஒரு நிறுவனம் பழைய பேழையை அகற்றிப் புதியதனைக் கொணர்கின்றது எனக் கொள்வோம். புதிய திரளில் இரண்டாம் பிரதியைச் சேர்ப்பர். பழையதன் உள்ளடக்கம் பின்னணியிற் படிப்படியாகப் பெயர்த்தெழுதப்படும். இரண்டும் ஒத்தபின் பழைய பிரதி மிகையாகும், அதனை நீக்குவர். இவையாவும் நிகழும்போது வழங்கியின் வேலை நிற்பதில்லை.

இடர் விளைவது இடைக்காலத்திலேயே. ஒத்திசைவின் வேகநிலை, எவரும் மாற்றாவிடின், 50 என்றிருக்கும். அது செக்கனுக்கு 2 மெகாபைற்று. ஒரு ரெறாபைற்று 10,48,576 மெகாபைற்று ஆதலின், 5,24,288 செக்கன், அதாவது ஆறு நாளுக்குச் சற்று மேற்பட்ட காலம் செல்லும். நிலையை 100 ஆக உயர்த்தின் வேகம் 64 மெகாபைற்றாகும். நான்கரை மணி நேரம் அளவிற் பணி முடியலாம். ஆனால் அன்றாட வேலைக்குரிய வாசிப்பும் எழுத்தும் அதனால் தளர்தல் கூடும். ஆகவே பலர் குறைந்த வேகத்தையே தெரிந்து, பின்னர் பொறுமை இழப்பர். பட்டியலிற் புதிய பிரதி பெயர் பெற்ற கணத்தில் அதனுள் பயன்படத்தக்கது யாதும் இல்லை என்பதை மறந்துவிடுவர். ஏடு பெயர்த்தெழுதுவித்தோருள்ளும், ஒப்புநோக்காமலே பழைய ஓலையை ஆற்றிலிட்டோர் உண்டல்லவா?

சாதனம் இதற்கோர் அரண் செய்துள்ளது. ஒத்திசைந்த பிரதி ஒன்றே இருக்க அதனை நீக்குமாறு கட்டளையிடின் மறுத்துவிடும். 'வலிந்து செய்க' என்னும் குறிப்பைச் சேர்ப்பின் பணிந்துவிடும். அக்குறிப்பை வழக்கமாகச் சேர்த்தெழுதும் பழக்கம் வட்டுப் பழுதினும் அஞ்சத்தக்கது என்பது என் துணிபு. நீக்கப்பட்ட பிரதியின் துண்டங்கள் திரளுக்கு மீளும். வேறு தொகுதிகள் அவற்றின்மேல் எழுதும். நீக்கியதை மீட்டுத் தருங் கட்டளை இல்லை.

எண்ணை நம்புவதும் தவறு. முதல் இடமாற்றத்தில் 0 பழையது, 1 புதியது. 0 நீங்கியபின் அடுத்த இடமாற்றத்தில் வரும் புதிய பிரதி, வெறுமையான 0 என்னும் எண்ணையே பெறும். அப்பொழுது பழையது 1 ஆகும். ஆகையால் பிரதி எத்திரளில் உள்ளது என்பதைப் பார்த்தே நீக்குதல் வேண்டும்.

இரண்டு பிரதிகள் இருப்பதனாற் காப்புப் பிரதி வேண்டா என்று கருதுவோரும் உளர். அது பொருந்தாது. ஒருவர் தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் அக்கணமே அழியும். பழைய நிலையைப் பேண விரும்பின், ஒத்திசைந்த பிரதியை நீக்காது பிரித்தெடுத்துத் தனித் தொகுதியாக்கலாம். பிரிந்த வேளையில் இருந்தவாறே அது நிற்கும். பிந்திய பதிப்புகளில், ஒத்திசைவு முடிந்தவுடன் பழைய பிரதியைச் சாதனமே நீக்கும் ஏற்பாடும் உண்டு. இது அவசரத்தால் வரும் பிழையைத் தவிர்க்கும். எனினும் புதிய பேழையின் நடையைச் சில நாள் நோக்கியிருக்க விரும்புவோர் அதனை நாடார்.