தறிக்குழியும் மெகரும்

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசிக்குப் போகிற பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறுவதற்கு முன் கடக்கிற ஊர் செவிலிமேடு. தனிப் பேரூராட்சியாக இருந்து 2011இல் காஞ்சிபுரம் நகராட்சியோடு சேர்ந்தது. 2021இல் நகராட்சி மாநகராட்சி ஆனதும் இதுவும் மாநகரமாகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் லட்சுமி நரசிம்மரைச் சேவிக்க வருவார்கள். வரதராஜப் பெருமாளுக்கு ராமானுஜர் தீர்த்தம் எடுத்ததாகச் சொல்லப்படும் சாலைக் கிணற்றைத் தேடி வருகிறவர்களும் உண்டு. அவர்கள் கண்ணில் படாத ஒன்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்: தறி ஓடும் வீடுகளின் சுவரில் போகிற வயர், அது தேறுமா தேறாதா என்று சொல்கிற மெகர்.

அந்தக் காலத்தில் தறிவீட்டில் மின்சாரத்துக்கு வேலை கொஞ்சம்தான். தறிக்கு மேலே தாழ்வாகத் தொங்கும் ஒரு குண்டு பல்பு, நடையில் இன்னொன்று, வசதி இருந்தால் ஒரு ஃபேனும் ரேடியோவும். சுவரில் மரச்சட்டம் அடித்து, அதன்மேல் வயரைப் படுக்கவைத்து, சாணுக்கு ஒரு தகரக் கிளிப் மடக்கியிருப்பார்கள். சுண்ணாம்புச் சுவரில் திருகாணி நிற்காது என்பதால் மரக்கட்டை பதித்திருக்கும். வயருக்கு மேலே ரப்பர், ரப்பருக்கு மேலே பருத்திப் பின்னல். வருஷங்கள் போகப்போக ரப்பர் காய்ந்து, வளைத்தால் பொரிந்து உதிரும். பிறகு பி.வி.சி. வந்தது. செம்புக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் அலுமினியக் கம்பி வந்தது. திருகு தளர்ந்து, முனை சூடாகிக் கருகும் வியாதியும் அதோடு வந்தது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கெட்டதோ நல்லதோ, எல்லாம் சுவருக்கு வெளியே கண்ணுக்குத் தெரிந்தது. இன்று பூச்சுக்குள்ளே குழாயில் போகிற வயர் எந்த இடத்தில் ஈரம் குடிக்கிறது என்று எவன் கண்ணுக்கும் தெரியாது.

ஈரம் என்பது இங்கே பேச்சுக்குச் சொல்கிற விஷயமல்ல. குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்கிறார். ஐப்பசி கார்த்திகையில் குழியில் ஈரம் ஊறும்; அடைமழை பிடித்தால் தண்ணீரே நிற்கும், தறி ஓய்ந்துவிடும். ஈர மண்ணில் வெறுங்கால்: கசிகிற மின்சாரம் பூமிக்குப் போக இதைவிட நல்ல வழி அமையாது.

இப்படிப்பட்ட வீட்டுக்கு அன்று வந்த வயர்மேனின் பையில் இருந்தது சீரியஸ் லாம்ப். ஒரு பலகையில் ஹோல்டர், அதில் 60 வாட் பல்பு, பல்பின் வழியாக வெளியே வருகிற இரண்டு வயர் நுனிகள். அவற்றை இங்கும் அங்கும் தொடுவார். பல்பு எரிந்தால் கம்பி அறுபடவில்லை, அல்லது எங்கோ ஷார்ட். எரியாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது கசிவு இல்லை. 230 வோல்ட் ஓடுகிற நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற சோதனை இது. அதைவிடப் பெரிய கோளாறு வேறு. 60 வாட் பல்பு முழுதாக எரிய ஏறக்குறைய 260 மில்லி ஆம்பியர் வேண்டும். மனித உடம்புக்கு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே உயிராபத்து. ஆளைக் கொல்லக்கூடிய கசிவு ஓடும்போதும் அந்தப் பல்பு இருட்டாகவே நிற்கும். வயர்மேன் “ஒண்ணும் இல்லீங்க, நல்லா இருக்கு” என்று பலகையைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். அவர் பொய் சொல்லவில்லை. பல்புக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மெகர் அப்போதும் இருந்தது. இங்கிலாந்தில் சிட்னி எவர்ஷெட் வயரின் உறை கசிகிறதா என்று பார்க்கிற, கையில் எடுத்துப் போகக்கூடிய இன்சுலேஷன் சோதனைக் கருவியை 1889இலேயே கொண்டுவந்துவிட்டார். 1903இல் அவருடைய எவர்ஷெட் அண்ட் விக்னோல்ஸ் கம்பெனி அதற்கு வைத்த வியாபாரப் பெயர்தான், எந்தக் கம்பெனி செய்தாலும் நம் ஊரில் எல்லாருக்கும் மெகர். ஆனால் தறிவீட்டு வயரிங்குக்கு அதைத் தூக்கி வந்தவர்கள் குறைவு. கனமான பெட்டி, பக்கவாட்டில் மடக்குக் கைப்பிடி. சுற்றினால் உள்ளே இருக்கிற சின்ன ஜெனரேட்டர் 500 வோல்ட் டி.சி. கொடுக்கும். நிமிஷத்துக்கு 160 சுற்றை நெருங்கியதும் உள்ளே கிளட்ச் வழுக்குவது கைக்கே தெரியும். அதற்கு மேல் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் வோல்ட் ஏறாது. அந்த முள்ளைப் பிடித்திழுக்க ஸ்பிரிங் கிடையாது. சும்மா இருக்கும்போது நினைத்த இடத்தில் நிற்கும். புது ஆள் பார்த்தால் மீட்டர் கெட்டுவிட்டது என்றே நினைப்பான். சுற்ற ஆரம்பித்ததும் உயிர் வந்தது போல நகர்ந்து, பூஜ்யத்துக்கும் முடிவிலிக்கும் நடுவில் தன் இடத்தைப் பிடிக்கும்.

அந்தப் பெட்டிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சுற்ற, மற்றவர் நுனிகளைப் பிடித்து, முள்ளைப் படிக்க. புதிதாகச் சேர்ந்த பையன் கையில் இரண்டு நுனியையும் கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றிவிடுகிற விளையாட்டு எல்லா ஊர் வயர்மேன்களுக்கும் பொது. மில்லி ஆம்பியர் கணக்கில் பார்த்தால் அது அடித்துப்போடாது. ஆனால் ஏணியில் நிற்கிறவனுக்கு அந்த உதறல் போதும், விழுந்து இடுப்பு ஒடிய. நான் இதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறவர்களோடு சேர்ந்து சிரித்ததில்லை.

இன்றைக்குத் தறிவீட்டில் மின்சாரம் வெளிச்சத்துக்கு மட்டும் இல்லை. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றிருந்தது 2016இல் 200 ஆகி, 2023இல் 300 ஆனது. அந்த எண்ணிக்கை ஏறியதைப் பார்த்தாலே வீட்டுக்குள் என்னென்ன நுழைந்திருக்கிறது என்று யூகிக்கலாம். டிசைனுக்கேற்ப நூலைத் தூக்குகிற ஜக்கார்டு பெட்டியைக் காலால் மிதித்துத் தூக்கிய முழங்கால்களுக்குப் பதில் பல வீடுகளில் மோட்டார் தூக்குகிறது. சில தறிகளில் துளை போட்ட அட்டைகளே போய், டிசைனை நினைவில் வைத்திருக்கும் எலெக்ட்ரானிக் ஜக்கார்டு ஏறியிருக்கிறது. அதற்கு ஒரு கன்ட்ரோல் பெட்டி. கரண்ட் போனால் இன்வெர்ட்டர். மேலே எல்.இ.டி. விளக்கு. குழி மட்டும் அன்று இருந்த அதே குழி, அதே ஈரம்.

மெகரும் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. பேட்டரி, ஒரு திருகு சுவிட்ச், ஒரு பொத்தான். ஒரே கருவியில் கம்பி அறுபடாமல் போகிறதா என்கிற கன்டினியூட்டியும் பார்க்கலாம், இன்சுலேஷனும் பார்க்கலாம். வயரில் கரண்ட் இருந்தால் பீப் அடித்து எச்சரிக்கும். நல்ல கருவியாக இருந்தால் சோதனை செய்யவே மறுக்கும். ஒரே ஆள் போதும். இதையெல்லாம் முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு: கைப்பிடியைச் சுற்றுகிறவனுக்கு, தான் 500 வோல்ட் உண்டாக்குகிறோம் என்று தோள்பட்டை சொன்னது. பொத்தான் அதைச் சொல்வதில்லை. பெரிய வேலையெல்லாம் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் இருக்கிறது. பொத்தான் சுலபமானதும் முன்வேலையையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள்.

அந்த முன்வேலையைக் கவனமான ஒரு வயர்மேன் எப்படிச் செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் வீட்டுக்காரம்மாவிடம் பேச்சு: “அக்கா, மெயினை ஆஃப் பண்றேன். நான் சொல்ற வரைக்கும் யாரும் பெட்டியைத் தொடக்கூடாது, பிள்ளைங்களையும் வெளிய வெச்சுக்கோங்க.” அன்றைய கிட்காட் ஃபியூஸில் ஒரு வசதி இருந்தது, பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் முடிந்தது, அவர் வராமல் கரண்ட் வராது. அதன் இடத்தில் வந்திருக்கிற எம்.சி.பி. சுவிட்சை யார் வேண்டுமானாலும் ஒரு விரலால் தூக்கிவிடலாம். ஆகவே அதன்மேல் பூட்டு மாட்டுகிறார், பூட்டு இல்லாவிட்டால் டேப் ஒட்டி “ஆள் வேலை” என்று எழுதுகிறார். அடுத்து இன்வெர்ட்டர். இதை மறப்பவர்கள்தான் அதிகம். மெயின் செத்துக் கிடக்கும், இன்வெர்ட்டர் பின்பக்கமாக அதே வயரில் 230 வோல்ட்டை ஊட்டிக்கொண்டிருக்கும்.

பிறகு கரண்ட் இல்லை என்பதை நிரூபிக்க வேண்டும். பாக்கெட்டில் செருகியிருக்கிற நியான் டெஸ்டரை நம்பி இதைச் செய்யக் கூடாது. அது எரியாததற்கு ஆயிரம் காரணம் இருக்கும். மீட்டரை முதலில் கரண்ட் இருப்பது தெரிந்த ஒரு இடத்தில் வைத்துப் பார்க்கிறார், வேலை செய்கிறது. சோதிக்கப் போகிற வயரில் வைக்கிறார், ஒன்றும் இல்லை. மறுபடி பழைய இடத்தில் வைத்துப் பார்க்கிறார். நடுவில் மீட்டரே செத்திருந்தால் இந்த மூன்றாவது தடவைதான் காட்டிக்கொடுக்கும்.

அதன் பிறகு கழற்றல். எல்.இ.டி. பல்புகள், ஃபேன் ரெகுலேட்டர், ஜக்கார்டின் கன்ட்ரோல் பெட்டி, சர்ஜ் தடுப்பான், டி.வி. எல்லாவற்றையும் வயரிலிருந்து பிரிக்கிறார். நியூட்ரல் இணைப்பையும் எடுத்துவிடுகிறார். அன்றைய வீட்டில் 500 வோல்ட் விட்டால் கெட்டுப்போக ஒரு ரேடியோவைத் தவிர என்ன இருந்தது? இன்று ஒரு பொத்தான் அழுத்தில் ஜக்கார்டின் மூளை கருகிவிடலாம். மெகர் போடாமல் விடுவதற்கு வயர்மேன்கள் சொல்கிற முதல் சாக்கு இதுதான், அதில் நியாயமும் இருக்கிறது. கழற்றி மாட்ட அரை நாள் போகும். அந்த அரை நாளுக்குக் கூலி தர வீட்டுக்காரருக்கு மனம் வராது.

முதலில் கன்டினியூட்டி. கருவியின் சோதனை வயரான லீடுகளின் இரண்டு நுனிகளையும் ஒன்றோடொன்று தொட வைத்து, லீடின் சொந்த மின்தடையைக் கழித்துக்கொள்கிறார். அப்புறம் எர்த் கம்பியின் ஒரு முனை போர்டில், மறுமுனை மோட்டாரின் உடம்பில். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி 20 மீட்டர் போனால் 0.15 ஓம் சுமார் வரும். 5 ஓம் காட்டினால் எங்கோ திருகு தளர்ந்திருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால், மூன்று துளை சாக்கெட் வைத்துவிட்டு இரண்டே வயர் இழுத்த புண்ணியவான் ஒருவர் முன்னால் வந்து போயிருக்கிறார் என்று அர்த்தம்.

அடுத்துதான் மெகர். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கி, அதற்கும் எர்த்துக்கும் நடுவில் பார்க்கிறார். ஏதாவது கழற்றாமல் விட்டிருந்தால் சேதம் குறையட்டும் என்று முதலில் 250 வோல்ட், பிறகு 500. விரல்கள் லீடின் காவல் விளிம்புக்குப் பின்னால். லீடின் உறையில் வெடிப்பு இருந்தால் அதை எறிந்துவிட வேண்டும்; டேப் சுற்றி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டு போர்டில் வேலை என்றால் கருவியிலும் லீடிலும் கேட்-3 என்ற பாதுகாப்பு வகை முத்திரை இருக்க வேண்டும், அது இல்லாத மலிவுச் சரக்கு கடையில் நிறையக் கிடைக்கிறது. எண் ஓடி நிற்கும்வரை பொத்தானை விடுவதில்லை. விட்டதும் வயரில் ஏறிய மின்சாரம் இறங்க ஒரு கணம் பொறுத்து, அப்புறமே நுனியைத் தொடுகிறார். கைப்பிடி மெகர்க்காரர்கள் இதையே இரண்டு நுனியையும் எர்த்தில் உரசி இறக்கினார்கள்.

இவ்வளவும் எதற்கு, அதுதான் கசிவு வந்தால் கரண்டை அறுக்கிற ஆர்.சி.சி.பி. மாட்டியாச்சே என்று கேட்கிறவர்கள் உண்டு. மாட்டுங்கள், கட்டாயம் மாட்டுங்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. விழ வேண்டுமானால் 230 வோல்ட்டில் இன்சுலேஷன் ஏறக்குறைய 7,700 ஓம்வரை தேய்ந்திருக்க வேண்டும். தேறிய வயரிங்குக்கு இன்றைய அளவுகோல் 1 மெகா ஓம், அதாவது 10 லட்சம் ஓம். பத்து லட்சத்திலிருந்து எட்டாயிரத்துக்குக் கீழே இறங்குகிற அந்த நீண்ட சரிவு முழுக்க ஆர்.சி.சி.பி. வாய் திறக்காது. அந்தச் சரிவை மெகர் மட்டுமே பார்க்கும். பேட்டரி போட்ட சாதாரண மல்டிமீட்டரும் பார்க்காது. சில வோல்ட்டுக்கு அசையாத பலவீனமான இன்சுலேஷன் 500 வோல்ட்டுக்குத்தான் உண்மையைக் கக்கும். இதில் இன்னொரு கொடுமை: மழைக்காலத்தில் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்தால், கசிவைத் தேடாமல் ஆர்.சி.சி.பி.யையே சுற்றி வயர் போட்டு ஒதுக்கிவிடுகிறார்கள். குழித்தறி வீட்டில் இதைச் செய்கிறவன் கையில் ஸ்குரூடிரைவரே கொடுக்கக் கூடாது.

காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் தொடங்கி, 2023இல் மத்திய மின்சார ஆணையம் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகள்வரை, இணைப்புக்கு முன் சோதனை உண்டு. வயரிங் முடிந்ததற்கான அறிக்கையில் இன்சுலேஷன் மதிப்பு எழுத ஒரு கட்டமும் உண்டு. அந்தக் கட்டத்தில் அன்று “இன்ஃபினிடி” என்று எழுதினார்கள். கருவி எத்தனை முறை பெட்டியை விட்டு வெளியே வந்தது என்பது எழுதினவருக்கே வெளிச்சம். இன்று கருவி தன் நினைவில் அளவைச் சேமிக்கிறது, தேதியோடு போனுக்கு அனுப்புகிற மாடல்கூட இருக்கிறது. ஆனாலும் கட்டத்தை மேஜையில் உட்கார்ந்தே நிரப்புகிற பழக்கம் போகவில்லை. என்னைக் கேட்டால், அறிக்கையில் கையெழுத்துப் போடுமுன் வீட்டுக்காரர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எங்கே, என் எதிரே ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள்.

உள்ளங்கைக் கருவி வந்த புதிதில் தறிவீட்டு இளைஞர்கள் அதைச் சரிகையில் வைத்துப் பார்ப்பதுண்டு. பட்டு நூலின் மேல் வெள்ளித் தகடு சுற்றித் தங்கம் ஏற்றிய சரிகை, கன்டினியூட்டியில் பீப் அடிக்கும். செம்பு அதிகமான மட்டச் சரிகையும் அதே பீப்தான் அடிக்கும். வெள்ளி எவ்வளவு என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை. ஆனால் அந்தச் சத்தத்தில் வேறு சேதி இருக்கிறது. கரையிலும் முந்தானையிலும் உலோகம் ஓடுகிற புடவை, தலைக்கு மேல் மோட்டார், இடுப்புக்குக் கீழே ஈர மண்: நெசவாளர் நாள் முழுக்கக் கை வைப்பது மின்சாரம் கடத்துகிற சங்கதியில்.

அந்த ஈரத்தைப் பொறுத்து அளவும் மாறும் என்பதால், மெகரை எப்போது போடுவது என்பதும் முக்கியம். மாசியில் காய்ந்த சுவரில் போட்டால் எல்லா வீடும் தேறும். அதே வயரிங்கை ஐப்பசி மழைக்குப் பிறகும் ஒரு தடவை பார்த்து, இரண்டையும் தேதியோடு மெயின் பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் மார்க்கரால் எழுதிவைத்தால், அடுத்து வருகிற வயர்மேனுக்கு அது போதும். மாசியில் 80 மெகா ஓம், ஐப்பசியில் 6 என்றிருந்தால் கவலை இல்லை. அடுத்த ஐப்பசியில் 6 என்பது 2 ஆகியிருந்தால் அளவுகோலின்படி இன்னும் பாஸ்தான். ஆனாலும் தறியை நிறுத்திவிட்டு, குழிப்பக்கத்துச் சுவரில் இறங்குகிற வயரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பிக்க வேண்டும்.