வீட்டு வைஃபைக்கு இரண்டு பூட்டு



நம்மில் நிறையப் பேர் வீட்டில் இப்போது வைஃபை இருக்கிறது. கனெக்‌ஷன் கொடுக்க வரும் அண்ணன் ஜன்னல் ஓரமாக ஓட்டை போட்டு, ஒயரை உள்ளே இழுத்து, ஒரு பெட்டியை ஆணியில் மாட்டுவார். அதுதான் ரூட்டர். "பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும்?" என்று கேட்பார். நாம் யோசித்து முடிப்பதற்குள், "உங்க போன் நம்பரையே வெச்சிடறேன், மறக்காது" என்று அவரே வைத்துவிட்டுப் போய்விடுவார். அதற்கப்புறம், நெட் வராத நாளில் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவதைத் தவிர, அந்தப் பெட்டியை யாரும் தொடுவதே இல்லை.

அந்தப் பெட்டி என்னதான் செய்கிறது? இன்டர்நெட்டில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஐ.பி. முகவரி என்று ஒரு எண் உண்டு. பழைய முறையில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான். உலகத்தில் இருக்கும் போன், டி.வி., கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் அது பத்தாது. அதனால் வீட்டில் எத்தனை கருவி இருந்தாலும் வெளியே ஒரே எண்ணைக் காட்டிவிட்டு, உள்ளே மட்டும் 192.168.1.2, 192.168.1.3 என்று தனித்தனி எண் கொடுத்து ரூட்டர் சமாளிக்கிறது. ஹாஸ்டலுக்கு முகவரி ஒன்றுதான், வரும் கடிதம் எந்த அறைக்குப் போக வேண்டும் என்பது வார்டனுக்குத்தான் தெரியும் அல்லவா? அந்த மாதிரி.

இதனால் ஒரு சங்கடமும் உண்டு. நம்ம வைஃபையில் யார் நுழைந்து என்ன செய்தாலும், வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது நம்ம வீட்டிலிருந்து செய்ததாகத்தான் தெரியும்.

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடம் முன்பு பத்திரிகைகளுக்கும் டி.வி. சேனல்களுக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. போலீஸ் அதன் ஐ.பி. முகவரியைத் தேடிக்கொண்டு போனது. அது நவி மும்பையில் ஒரு ஃபிளாட்டில் போய் நின்றது. அங்கே குடியிருந்தவர் ஒரு அமெரிக்கர். அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் சம்பந்தமே இல்லை. அவர் வீட்டு வைஃபை பூட்டாமல் கிடந்தது, யாரோ அதைப் பயன்படுத்தி அனுப்பிவிட்டார்கள். அது தெளிவாகும் வரை அவர் விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவருடைய கம்ப்யூட்டரையும் எடுத்துப் போய்ச் சோதித்தார்கள்.

"எங்க வீட்டில் பாஸ்வேர்டு இருக்கே" என்கிறீர்களா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. ரூட்டருக்கு இரண்டு பூட்டு. நாம் பார்ப்பது முதல் பூட்டை மட்டும்.

முதல் பூட்டு, வைஃபை பாஸ்வேர்டு. ஏ.டி.எம்.மில் போலத் தப்பாகப் போட்டால் இதுவும் லாக் ஆகிவிடும் என்று பலரும் நினைக்கிறோம். இல்லை. நம்ம போன் வைஃபையில் சேரும்போது போனும் ரூட்டரும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும். இப்போதும் பெரும்பாலான வீடுகளில் இருக்கும் டபிள்யூ.பி.ஏ.2 முறையில் (இது வந்தது 2004-ல்), தெருவில் நிற்பவர் அந்தச் சில விநாடிப் பேச்சைப் பதிவு செய்துகொண்டு போய்விடலாம். அப்புறம் தன் வீட்டில் உட்கார்ந்து எத்தனை பாஸ்வேர்டு வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். தடுக்க ஆள் கிடையாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நம் நாட்டு செல்போன் எண் 6, 7, 8, 9 இந்த நாலில் ஒன்றில்தான் தொடங்கும். மீதி 9 இலக்கம் எதுவாகவும் இருக்கலாம். ஆக மொத்தம் 400 கோடி. விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு ஒன்று விநாடிக்குப் பத்து லட்சம் பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கும். 400 கோடியைப் பத்து லட்சத்தால் வகுத்தால் 4,000 விநாடி. அதாவது 1 மணி 7 நிமிடம்! நம்ம நம்பர் தெரியாதவருக்கே இவ்வளவுதான் நேரம். தெருவில் பாதிப் பேருக்கு அப்பா நம்பர் தெரியும் என்பது தனிக் கதை.

வேறு என்ன வைப்பது? 8,000 சொல் உள்ள ஓர் அகராதியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நாலு இடத்தில் விரல் வையுங்கள். முருங்கை, தவில், ஈரம், பஞ்சு என்று சம்பந்தமே இல்லாமல் நாலு சொல் வரும். சேர்த்து இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் பாஸ்வேர்டு தயார். (இதே நாலையும் வைத்துவிடாதீர்கள், சுவரில் ஒட்டியாச்சு!) திருடனிடம் அதே அகராதி இருந்தாலும், 8,000-ஐ நாலு முறை பெருக்கினால் 4,096 லட்சம் கோடி சேர்க்கை வரும். அதே கார்டு எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க ஏறத்தாழ 130 வருஷம் ஆகும். கணக்கு சார் சரிபார்த்துக்கொள்ளலாம். $ போடு, @ போடு என்று வாயில் நுழையாததை வைத்துவிட்டுச் சுவரில் எழுதி ஒட்டுவதை விட இது எவ்வளவோ மேல். பாட்டிக்கும் ஞாபகம் இருக்கும்.

செட்டிங்கில் டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். 2018-ல் வந்த இந்த முறையில், பதிவு செய்துகொண்டு போய் வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்க்கும் வேலை நடக்காது. பழைய போன் சேர மாட்டேன் என்று அடம் பிடித்தால் 2-ம் 3-ம் கலந்த முறை ஒன்று இருக்கும், அதை வைக்கலாம். டபிள்யூ.இ.பி. என்று ஒன்று இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அதன் ஓட்டை 2001-லேயே வெளியாகிவிட்டது.

டபிள்யூ.பி.எஸ். என்று ஒரு வசதியும் உண்டு. பாஸ்வேர்டுக்குப் பதில் 8 இலக்க எண்ணைப் போட்டுச் சேரலாம். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழையும் வைத்துக் கணக்கிடுவது. அதோடு ரூட்டர் முதல் நாலு இலக்கத்தைத் தனியாகச் சரியா தப்பா என்று சொல்லிவிடுகிறது. ஆக 10,000-மும் 1,000-மும் சேர்த்து 11,000 முறை முயன்றால் போதும். 2011-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். அணைத்து வைப்பதே நல்லது.

வைஃபை பெயரை மறைத்து வைத்தால் யாரும் வர மாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். என் கருத்தில் அது வீண் வேலை. நம்ம போனே அந்தப் பெயரைக் காற்றில் சொல்லிக்கொண்டிருக்கும். பெயரில் வீட்டு எண்ணையோ அப்பா பெயரையோ வைக்காமல் இருந்தால் போதும்.

இரண்டாவது பூட்டுக்கு வருவோம். போனில் பிரவுசரைத் திறந்து 192.168.1.1 என்று அடித்தால், பல ரூட்டர்களில் ஒரு பக்கம் வரும். வராவிட்டால் பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள், அதில் முகவரி இருக்கும். அந்தப் பக்கம் கேட்பது வைஃபை பாஸ்வேர்டை அல்ல, ரூட்டரை ஆட்டி வைக்கும் பாஸ்வேர்டை. நிறைய வீடுகளில் அது 'அட்மின்', 'அட்மின்' என்றே கம்பெனி கொடுத்தபடி கிடக்கும். சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட கதை!

இதைத் திறந்தவன் என்ன செய்வான் தெரியுமா? நாம் ஒரு வங்கியின் பெயரை அடித்ததும், அதன் எண்ணைத் தேடித் தருவது டி.என்.எஸ். என்ற கம்ப்யூட்டர். எந்த டி.என்.எஸ்.ஸைக் கேட்பது என்பது ரூட்டரில்தான் எழுதியிருக்கும். அதை மாற்றிவிட்டால், நாம் சரியாகவே அடித்தாலும் வேறு எங்கோ போய் நிற்போம். 'டி.என்.எஸ். சேஞ்சர்' என்ற வைரஸ் இதைத்தான் செய்தது. சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களைப் பிடித்தது. கம்பெனி பாஸ்வேர்டு மாற்றாத ரூட்டர்களுக்குள்ளும் புகுந்து மாற்றியது. 2011 நவம்பரில்தான் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அந்தக் கும்பலின் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்களைக் கைப்பற்றியது.

சி.சி.டி.வி. கேமராவுக்கும் இதே கதைதான். 2016-ல் வந்த 'மிராய்' பெரிய தந்திரம் ஒன்றும் செய்யவில்லை. கம்பெனிகள் கொடுத்து அனுப்பும் அறுபத்துச் சொச்சம் பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். இப்படிப் பிடித்த கேமராக்களும் ரூட்டர்களும் ஒரே சமயத்தில் டைன் என்ற டி.என்.எஸ். கம்பெனியைத் தட்டியதில், 2016 அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் தடுமாறின. யாரோ வீட்டு வாசலைப் பார்க்க மாட்டிய கேமரா!

அதனால் இரண்டாவது பூட்டுக்கும் வேறு நாலு சொல் வையுங்கள். உள்ளே போனதும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' ஆன் ஆகியிருந்தால், கனெக்‌ஷன் கொடுத்தவரிடம் கேட்டுவிட்டு அணைத்துவிடலாம். 'ஃபர்ம்வேர் அப்டேட்' இருந்தால் போட்டுவிடுங்கள். 'கெஸ்ட் நெட்வொர்க்' இருந்தால், விருந்தாளி போன்களையும் கேமரா, ஸ்மார்ட் பல்பு வகையறாக்களையும் அதில் சேர்த்துவிட்டால், அப்பாவின் கம்ப்யூட்டர் பக்கம் அவை எட்டிப் பார்க்காது.

சிக்னல் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியை வீட்டின் நடுவில், கொஞ்சம் உயரத்தில் வைக்கணும். இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்தால் அடுத்த அறைக்கு வராது. 2.4 என்று போட்டிருப்பது தூரம் போகும், 5 என்று போட்டிருப்பது வேகமாக இருக்கும் ஆனால் சுவர் தாண்டினால் குறையும். மைக்ரோவேவ் அடுப்பும் கிட்டத்தட்ட அந்த 2.4-லேயே ஓடுகிறது. சமையல் நேரத்தில் நெட் திணறினால் அம்மாவைக் குறை சொல்லாமல் 5-க்கு மாறுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. புது பாஸ்வேர்டு மறந்துபோனால், பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் குண்டூசியை விட்டுப் பத்து விநாடி அழுத்தினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆனால் கனெக்‌ஷன் கம்பெனியின் யூசர் நேமும் சேர்ந்தே அழிந்து, நெட் நின்றுபோகலாம். ஆகவே உள்ளே போன முதல் நாளே, அந்த யூசர் நேமைக் கரண்ட் பில் வைக்கும் இடத்தில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதன் பாஸ்வேர்டு திரையில் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், அதை மாட்ட வந்த அண்ணனிடமே கேட்டு வாங்கிக்கொள்ளணும்.