தோரணத்துக் குருவியும் தூக்கணாங்குருவியும்

குருத்தோலைத் தோரணம் வெறும் அழகுப்பொருள் அன்று. அது வாசலில் தொங்கும் செய்தி. ஓலையை மடித்துச் செய்யும் உருவத்தைக் 'குருவி' என்பது வழக்கு. மங்கலத் தோரணத்தில் நான்கு குருவிகள் தலைநிமிர்ந்து இருக்கும். இழவு வீட்டுத் தோரணத்தில் மூன்று குருவிகள் தலைகீழாகத் தொங்கும். வழிப்போக்கரும் அதைக் கண்டே வீட்டின் நிலையை அறிவர். கடையில் விற்கும் பிளாஸ்டிக் தோரணத்தால் இச்செய்தியைச் சொல்ல இயலுமா? ஆகவே, தோரணம் பின்னும் கை மறைந்தால் ஒரு மொழியே மறைகிறது எனலாம்.

இக்கைத்தொழிலைக் கற்பிப்போர்க்கு இயற்கையிலேயே ஒரு துணையாசிரியர் உண்டு. ஜொகூர் மாநிலத்தின் பெக்கோக், எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவுக்குச் செல்லும் வாயில்களுள் ஒன்று. அக்காட்டில் இருவாட்சியைக் காணப் பலர் தொலைவிலிருந்து வருகின்றனர். ஆனால், தோட்டத்துப் பிள்ளைகள் காட்டுக்குள் செல்லாமலே காணத்தக்க பறவை தூக்கணாங்குருவி. புல்வெளியையும் நீர்நிலையையும் அடுத்த மரங்களில் அது கூடு கட்டும். குறுந்தொகையின் 374-ஆம் பாடல் பனையில் அமைந்த அதன் கூட்டைக் குறிப்பிடுகிறது. அங்கே அதன் பெயர் 'தூங்கணங்குரீஇ'. தூங்குதல் என்பதற்குத் தொங்குதல் என்பதும் பொருள் அன்றோ!

கூடு கட்டுவது பெரும்பாலும் ஆண் குருவியே. அது புல் அல்லது ஓலையின் ஓரத்தை அலகால் வெட்டி, நுனியைக் கவ்விக்கொண்டு பறக்கும். நார் நீளமாகக் கிழிந்து வரும். ஒரு கூட்டுக்கு ஏறத்தாழ 500 தடவை இவ்வாறு பறக்கும் என்பர். பாதிக் கூடு கவிழ்த்த சட்டிபோல் அமைந்ததும் பெண் குருவி வந்து பார்க்கும். அதற்குப் பிடித்தால்தான் நீண்ட குழாய் வாயிலோடு கூடு முற்றுப்பெறும்.

குருவி பச்சை நாரைத் தேடுவதும் மனிதர் குருத்தைத் தேடுவதும் ஒரே காரணத்தால்தான். உலர்ந்த ஓலை மடித்தால் ஒடியும். வெயில் படாத குருத்தோ வெளிர்மஞ்சளாக, மென்மையாக இருந்து, எந்த மடிப்புக்கும் இணங்கும். ஆயினும் தென்னைக்கு வளரும் முனை ஒன்றே. விரியாத ஓலையை மட்டும் எடுக்க வேண்டும். அடியிலுள்ள முளையை வெட்டினால் மரமே பட்டுப்போகும்.

கூட்டைப் பறித்து வீட்டில் அலங்காரமாகத் தொங்கவிடுவோரும் உளர். இது தகாது. தூக்கணாங்குருவி விட்டுச்சென்ற கூட்டில் சில்லைக் குருவிகள் குடியேறுவது உண்டு. ஆதலின் வெறுங்கூடும் வீண்கூடு அன்று.

பண்டிகைக்கு முன்னாள் மாணவரை மரத்தடிக்கு அழைத்துச் சென்று, சற்றுத் தள்ளி அமைதியாக நிற்கச் செய்து, குருவி நாரைக் கோக்கும் விதத்தைக் காட்டலாம். பின்னர் வகுப்பில் குருத்தோலையைக் கையில் கொடுக்கலாம். கண் கற்றதைக் கை எளிதில் பற்றிக்கொள்ளும். கூட்டை மரத்திற்கே விட்டுவிட்டு, ஓலைக் குருவியை வாசலில் பறக்கவிடுவதே பண்டிகைக்கு அழகு.