மலேரியாக் கிருமி ஏன் முகம் மாற்றுகிறது?

தட்டம்மை ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வருவது அரிது. மலேரியா அப்படியில்லை. ஏன்?

பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்ற ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்ததும் அதன் மேற்பரப்பில் ஒரு புரதத்தை நிறுத்துகிறது. அதைக்கொண்டு சிவப்பணு ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மண்ணீரலில் சிக்கி அழியாமல் தப்பும். ஆனால் வெளியே நிற்கும் புரதத்தை நம் உடலும் அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் தயாரிக்கிறது.

இங்கேதான் கிருமியின் வியப்பூட்டும் சாமர்த்தியம். அப்புரதத்துக்கு அதனிடம் ஏறத்தாழ 60 மரபணுக்கள் உண்டு. பொதுவாக ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும், மற்றவை உறங்கும். எதிர்ப்பொருள் பெருகுவதற்குள் சில ஒட்டுண்ணிகள் வேறொரு மரபணுவுக்கு மாறிவிடுகின்றன. இம்மரபணுக்களில் பல குரோமோசோம் முனைகளை ஒட்டியே இருக்கின்றன. அங்கே துண்டுகளை மாற்றிக்கொண்டு புதுப்புது வடிவங்களைப் பிறப்பிக்கின்றன. இப்புரதத்தைக் குறிவைத்துத் தடுப்பூசி செய்வது அதனால்தான் அவ்வளவு கடினம்.